விரல் பக்கம், குதிக்கால் பக்கம்

டிசம்பர் நடுப்பகுதி, ஞாயிறு பின்னேரம். ஐந்து மணிக்கு முன்னரே வெளியே இருட்டிவிட்டது. பெறாமகள் வந்து சப்பாத்தைக் கழற்றிய கையோடு குசினி மேசைக்கு வந்து, கைபேசியை என் முன்னால் வைத்தாள். குறிப்பில் மூன்று வரி இருந்தது. கறுப்பு டயமண்ட் சரிவில் இறங்குவது. ஜம்ப் அடிப்பது. ஸ்விச் ஓட்டுவது, அதாவது பின்காலை முன்காலாக்கி ஓட்டுவது.

“இந்த சீசன் முடியிறதுக்கு முதல் மூண்டையும் செய்யவேணும் சித்தப்பா. ஒரு பிளான் போட்டுத் தாங்கோ.”

போன பெப்ரவரியில் இரண்டே நாள் ஸ்னோபோர்ட்டில் நின்றவள். சின்னப் பிள்ளைகள் பழகும் சரிவில் விழுந்து எழும்பி, நாலைந்து வளைவு எடுத்துவிட்டு வந்தவள். அந்த ஆசை எனக்குப் பிடித்திருந்தது. கேத்திலை வைத்து இஞ்சியைத் தட்டிப் போட்டேன். ஒரு கோப்பைத் தேத்தண்ணியில் முடிகிற கதையல்ல என்பதால் பெரிய கோப்பைகளை எடுத்தேன்.

“முதல்ல நாளை எண்ணுவம் பிள்ளை,” என்றேன்.

எங்களுக்கு வாய்த்த மலை புளூ மவுண்டன். ரொறன்ரோவிலிருந்து வடமேற்கே இரண்டு மணித்தியால ஓட்டம், கொலிங்வுட் ஊருக்குப் பக்கத்தில், நயாகரா மலைவிளிம்பு ஜோர்ஜியன் குடாவை நோக்கிச் சரிகிற இடம். தெற்கு ஒன்ராறியோவில் சீசன் என்பது டிசம்பர் பிற்பாதியிலிருந்து மார்ச் நடுப்பகுதிவரை, ஏறத்தாழ 12 வார இறுதிகள். அவளுக்கு ஞாயிறுகளில் கடையில் வேலை, ஆகவே சனி மட்டும்தான். பெப்ரவரியில் பரீட்சை. ஜனவரியில் ஒரு தடவையாவது மழை பெய்து, அடுத்த நாள் உறைந்து, சரிவைக் கண்ணாடியாக்கிவிடும். புயலில் 400ஆம் நெடுஞ்சாலையில் போகமுடியாத சனிக்கிழமை ஒன்றும் வரும். கழித்துப் பார்த்தோம். 8 நாள் மிஞ்சியது.

அந்த ஒரு நாளுக்குள் என்ன இருக்கிறது என்றும் பார்க்கவேண்டும். புளூ மவுண்டனின் மொத்த உயரம் அடியிலிருந்து உச்சிக்கு ஏறக்குறைய 220 மீற்றர். பழகுகிறவர் இலகுவான சரிவொன்றில் இறங்கி முடிக்க நாலைந்து நிமிடம் எடுப்பார். லிப்ட் வரிசையில் நிற்பது, நாற்காலியில் மேலே போவது, பனியில் இருந்து பின்காலைப் பூட்டுவது எல்லாம் சேர்ந்தால் அதன் மும்மடங்கு நேரம் ஆகும். விறைத்த கைக்குச் சூடு காட்டவும் சாப்பிடவும் உள்ளே போகவேண்டும். காலையில் போய் பின்னேரம் திரும்பினாலும் பலகை உண்மையாக வழுக்குவது ஒரு மணித்தியாலம்.

“எட்டு நாள், எட்டு மணித்தியாலம்,” என்றேன். “முழுச் சீசனுக்கும் உன்ர கையில இருக்கிறது அவ்வளவுதான்.”

அவள் கைபேசியைப் பார்த்தாள். அந்த மூன்று வரியும் இப்போது கொஞ்சம் வேறு மாதிரித் தெரிந்திருக்கும்.

மரக்கறி வெட்டும் பலகையை எடுத்து மேசையில் வைத்தேன். ஸ்னோபோர்ட்டின் இரண்டு நெடும்பக்கங்களிலும் உருக்கு விளிம்பு ஓடுகிறது. பலகையில் நாம் பக்கவாட்டில் நிற்கிறோம், ஆகவே ஒரு விளிம்பு கால்விரல் பக்கம், மற்றது குதிக்கால் பக்கம். சரிவுக்குக் குறுக்கே நிற்கும்போது மலைப்பக்கத்து விளிம்புதான் பனியைக் கவ்வவேண்டும். பள்ளத்துப் பக்க விளிம்பு ஒரு கணம் தாழ்ந்து பனியில் குத்தினாலும் பலகை சட்டென்று நின்றுவிடும், ஆனால் உடம்பு நிற்காது. எட்ஜ் பிடித்துவிட்டது என்று சொல்வது இதைத்தான். யோசிக்க நேரமே இராது. குதிக்கால் பக்கம் பிடித்தால் முதுகடிபட விழுவோம், விரல் பக்கம் பிடித்தால் குப்புற விழுவோம்.

வளைவு என்பது ஒரு விளிம்பிலிருந்து மற்ற விளிம்புக்கு மாறுவது. பலகையைக் கவனித்துப் பார்த்தால் உடுக்கைபோல இடை ஒடுங்கி, இரு முனையும் அகன்றிருக்கும். அதைச் சரித்து விளிம்பில் ஏற்றினால் அந்த வளைந்த பக்கமே பனியில் வில்போல ஒரு கோட்டை இழுக்கும். நாம் பலகையைத் திருப்புவதில்லை. சரித்துவிட்டு, அது திரும்புவதற்குப் பொறுமையாக இடம் கொடுக்கிறோம். கார்விங் என்று இளைஞர்கள் ஆசையோடு சொல்வது இதன் சுத்தமான வடிவம்.

இப்போது பயம் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். குதிக்கால் விளிம்பில் நிற்கும்போது முகம் பள்ளத்தைப் பார்க்கிறது. போகிற வழி தெரிகிறது, விழுந்தாலும் இருந்துவிடலாம். விரல் விளிம்பில் முகம் மலையைப் பார்க்கிறது, பள்ளம் முதுகுக்குப் பின்னால். அங்கே என்ன இருக்கிறது என்று தெரியாமல் முழங்காலை மடித்து, கெண்டைக்காலை இறுக்கி நிற்கவேண்டும். ஆகவே பழகுகிறவர்கள் எல்லோரும் குதிக்கால் பக்கத்தில் குடியேறிவிடுகிறார்கள். நேரத்தில் முக்கால்வாசி அங்கேயே போய்விடும். அவர்களே அதைக் கவனிப்பதில்லை.

“நானும் அப்பிடித்தான்,” என்றாள். “டோ சைட் வந்தா உடனே திருப்பிடுவன்.”

அவளுடைய முதல் வரிக்கு வந்தோம். வட அமெரிக்காவில் சரிவுகளைப் பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு டயமண்ட் என்று பிரித்திருக்கிறார்கள். அந்த நிறங்கள் அந்தந்த மலைக்குள் மட்டும் பொருந்துபவை. ஒரு மலையில் மற்றச் சரிவுகளைவிட இது கடினம் என்றுதான் கறுப்பு சொல்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் பிளாக்கோம் மலையின் உச்சியிலிருந்து அடிவரை இறக்கம் 1,609 மீற்றர், எங்கள் மலையைப்போல ஏழு மடங்குக்கு மேல். அங்கத்தைய கறுப்பும் இங்கத்தைய கறுப்பும் ஒன்றல்ல.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. குதிக்கால் விளிம்பை மட்டும் வைத்துக்கொண்டு, பலகையைக் குறுக்கே பிடித்து, பனியை வழித்துக்கொண்டே எந்தக் கறுப்புச் சரிவிலும் இறங்கிவிடலாம். ஒரு வளைவும் எடுக்கவேண்டியதில்லை. இலக்கு நிறைவேறிவிடும், கால் புதிதாக ஒன்றும் கற்றிராது.

இது எனக்கு நடந்தது. நான் பலகையில் ஏறியபோது வயது 36. மார்ச்சுக்குள் கறுப்புச் சரிவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மார்ச்சில் இறங்கினேன், கீழே நின்று படமும் எடுத்தேன். அடுத்த குளிர்காலம் என் மகனோடு பச்சைச் சரிவில் மெதுவாக இறங்கும்போது விரல் பக்கம் என்னால் ஒரு முழு வளைவு எடுக்கமுடியவில்லை. அவசரப்பட்டு எடுத்தபோது எட்ஜ் பிடித்து, கையை ஊன்றி விழுந்து, மணிக்கட்டு முறிந்தது. ஆறு கிழமை மாக்கட்டோடு இருந்தேன். அந்த நாட்களில்தான் இலக்கு என்கிற சங்கதியைப் பற்றி உட்கார்ந்து யோசித்தேன். முதல் குளிர்காலம் வீணாகிப்போனதற்கு நான் எழுதிவைத்த அந்த ஒற்றை வரிதான் காரணம் என்று இன்றும் நினைக்கிறேன்.

பெறாமகள் நிர்வாகவியல் படிக்கிறாள். “இலக்கு பெரிசாவும் தெளிவாவும் இருந்தாத்தான் ஆக்கள் கூடச் செய்வினம் எண்டுதானே சித்தப்பா எங்களுக்குப் படிப்பிக்கினம்?” என்று கேட்டாள். சரியான கேள்வி. அதற்கு ரொறன்ரோ பல்கலைக்கழகத்துக்குள்ளேயே பதில் இருக்கிறது.

அங்கே நெடுங்காலம் பேராசிரியராக இருந்தவர் கேரி லேதம். எட்வின் லொக் என்பவரோடு சேர்ந்து இலக்கு பற்றிய கோட்பாட்டை வளர்த்தவர். இருவரும் 1990இல் எழுதிய நூல் இந்தத் துறைக்கு அடித்தளம். 1975இல் லேதம் வெளியிட்ட ஓர் ஆய்வு மரம் ஏற்றும் லொறிச் சாரதிகளைப் பற்றியது. சட்டம் அனுமதித்த எடையில் அவர்கள் சராசரியாக 60 சதவீதம்தான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ‘முடிந்த அளவு ஏற்றுங்கள்’ என்ற சொல் எடுபடவில்லை. 94 சதவீதம் என்று திட்டமான இலக்குக் கொடுத்தார்கள். கூலி கூட்டவில்லை. சில மாதங்களில் ஏற்றும் எடை 90ஐத் தாண்டியது.

இவ்வளவும் அவளுக்குச் சாதகமான கதை. ஆனால் அந்தச் சாரதிகளுக்கு மரம் ஏற்றத் தெரியும் என்பதைக் கவனிக்கவேண்டும். தெரிந்த வேலையைக் கூடச் செய்ய வைத்தது இலக்கு. தெரியாத வேலையில் என்ன ஆகும்? அதே லேதம் டோன் வின்ரர்ஸ் என்பவரோடு 1996இல் அதைச் சோதித்தார். எளிய வேலையில் ‘இத்தனை முடிக்கவேண்டும்’ என்ற இலக்கு நன்றாக வேலைசெய்தது. சிக்கலான வேலையில் நிலைமை தலைகீழ். ‘செய்வதற்கு நல்ல வழிகளைக் கண்டுபிடிக்கவேண்டும்’ என்ற இலக்கோடு இருந்தவர்களே முந்தினார்கள். தெரியாத வேலையில் முடிவை மட்டும் பார்க்கிறவருக்கு வழியைப் பார்க்க மனதில் இடம் இருப்பதில்லை என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன். ஸ்னோபோர்ட்டில் அந்த வழி உள்ளங்காலுக்குக் கீழே இருக்கிறது.

“அப்ப கறுப்பை விடச் சொல்லுறியளோ?”

“விடவேண்டாம். இந்த எட்டு நாளுக்குள்ள அதை வைக்கவேண்டாம்.”

இரண்டாவது கோப்பை ஊற்றினேன். ஒவ்வொரு சொல்லாக மாற்றி எழுதத் தொடங்கினோம்.

முதல் இரண்டு நாளுக்கு ஒரே ஒரு வேலை. இரண்டு விளிம்பிலும் வழுக்கி இறங்கி, நினைத்த இடத்தில் நிற்பது. பிறகு அதே விளிம்பில் நின்றபடி இடமும் வலமுமாக உதிர்ந்த இலைபோல மிதந்து இறங்குவது. போன வருசம் அவள் இதைச் செய்தவள்தான், ஆனால் குதிக்கால் பக்கம் மட்டும். ஆகவே குதிக்கால் பக்கம் ஒரு தடவை இறங்கினால் விரல் பக்கம் இரண்டு தடவை என்று எழுதவைத்தேன். சலிப்பான வேலைதான். ஆனால் மிச்ச ஆறு நாளும் இதன் மேல்தான் நிற்கப்போகின்றன.

கனடிய ஸ்னோபோர்ட் பயிற்றுநர் சங்கம் பழக்குகிற முறையும் இந்த ஒழுங்கில்தான் போகிறது. அடிப்படை, வழுக்குதல், கட்டுப்பாடு, திரும்புதல், கடைசியில் ஓட்டம். திரும்புதல் நாலாவது இடத்தில் இருப்பதைப் பாருங்கள். முதல் நாள் ஒரு பாடம், நாலாம் அல்லது ஐந்தாம் நாள் இன்னொரு பாடம் எடுக்கச் சொன்னேன். பலர் முதல் நாள் மட்டும் எடுத்துவிட்டுப் பிறகு தாமாகவே பழகுகிறார்கள். பிழைகள் வேர் பிடிப்பது அதற்குப் பிறகுதான். இரண்டாவது பாடத்துக்குக் கொடுக்கும் காசுதான் அதிகம் பயன் தரும் என்று நினைக்கிறேன்.

மூன்றாம் நாளிலிருந்து வளைவுகள். பச்சைச் சரிவில் தொடர்ந்து பத்து வளைவு, பின்காலால் உதைக்காமல், அடுத்தடுத்து மூன்று தடவை. இந்தப் ‘பின்காலால் உதைக்காமல்’ என்பதில்தான் விசயம் இருக்கிறது. பயம் வந்தால் உடம்பு மலைப்பக்கம் சாயும். பாரம் பின்காலுக்குப் போகும், முன்பக்கம் இலேசாகி பனியைக் கவ்வாது. திரும்பாத பலகையைப் பின்காலால் தள்ளித் திருப்புவோம். பச்சையில் அது வேலை செய்யும், நீலத்தில் பாதிக்குப் பாதி, கறுப்பில் சுத்தமாகக் கைவிடும். பள்ளம் தெரியத் தெரிய முன்காலில் பாரத்தைக் கொடுப்பதற்குத் துணிவு வேண்டும். அதைச் சாய்வு குறைந்த இடத்தில்தான் சம்பாதிக்கலாம்.

“நான் உதைக்கிறனோ இல்லையோ எண்டு எனக்கு என்னண்டு தெரியும்?”

அதற்கு இரண்டு வழி. சிநேகிதியைக் கீழே நிற்கவைத்துப் பத்து விநாடி படம் எடுக்கச் சொல்வது ஒன்று. நாங்கள் முழங்காலை மடித்ததாக நினைப்போம், படத்தில் இடுப்பு மட்டும் வளைந்திருக்கும். உள்ளே உணர்வது ஒன்று, வெளியே நடப்பது வேறு. இதை எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு வியப்புத்தான்.

மற்ற வழி எனக்கு மிகவும் பிடித்தது. காலையில் முதல் ஆளாகப் போகவேண்டும். இரவு முழுக்க இயந்திரம் ஓடி, சரிவைச் சீப்பால் வாரிவிட்டதுபோல் வரிவரியாக விட்டிருக்கும். ஒரு தடவை இறங்கிவிட்டு, லிப்டில் திரும்ப மேலே போகும்போது குனிந்து உன் தடத்தைப் பார். விளிம்பில் ஏறி ஓடியிருந்தால் பென்சிலால் கீறியதுபோல மெல்லிய கோடு. உதைத்துத் தள்ளியிருந்தால் விளக்குமாற்றால் கூட்டியதுபோல அகலமான பட்டை. யாரும் புள்ளி போடத் தேவையில்லை. எந்தப் பக்கத்து வளைவில் அகலம், எந்த இடத்தில் தொடங்குகிறது, எல்லாம் பனியில் எழுதியிருக்கும்.

அவளுக்கு இது பிடித்துவிட்டது. கைபேசியில் ‘தடம்’ என்று தனி வரி போட்டாள்.

ஆறாம் நாளிலிருந்து நீலச் சதுரம். அங்கே இலக்கு வேகத்தைக் கூட்டுவதல்ல, ஒரே வேகத்தில் அடிவரை வருவது. பிரேக் பிடிப்பதுபோல வழித்து நிறுத்தாமல், ஒவ்வொரு வளைவையும் சரிவுக்குக் குறுக்கே வரும்வரை முழுதாக முடித்தால் வேகம் தானாக அடங்கும். ஒரு பாட்டை அடிக்கடி நிறுத்தாமல் ஒரே மூச்சில் பாடுவதுபோல என்றேன். சங்கீதம் பழகியவள், தலையாட்டினாள்.

ஜம்பைச் சுருக்கமாகப் பேசி முடித்தோம். சமதரையில் நின்று வால்பக்கத்தில் பாரம் கொடுத்துத் துள்ளப் பழகினால் இந்த வருசத்துக்குப் போதும். துள்ளி இறங்கியதும் பலகையை அடக்க விளிம்பு வேண்டும், விளிம்பு இன்னும் கைக்கு வரவில்லை. ஸ்விச்சை மட்டும் நான் வெட்டவில்லை, முன்னுக்குக் கொண்டுவந்தேன். இலை மிதப்பதுபோலப் போகும்போது பாதி நேரம் ஸ்விச்தான். அவளுக்குத் தெரியாமலே அதைத் தொடங்கிவிட்டாள்.

இடையில் அவள் ஒன்று கேட்டாள். “இந்தச் சின்ன மலையில பழகி என்ன வரும் சித்தப்பா?” நிறையப் பேர் கேட்பது. கனடாவுக்காக 2014, 2018, 2022 என்று மூன்று ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற மார்க் மக்மொரிஸ் சஸ்காச்சுவானில் ரெஜைனாவிலிருந்து வந்தவர். கண்ணுக்கெட்டியவரை தட்டையான கோதுமைச் சமவெளி அது. 2022இல் தங்கம் வென்ற மக்ஸ் பரோ கியூபெக்கின் புரோமொன்ற்காரர். அங்கே இருப்பதும் பெரிய மலையல்ல. சின்ன மலையில் ஒரே சரிவில் திரும்பத் திரும்ப இறங்குகிறோம், அதே வளைவை அதே இடத்தில் திருத்தலாம். கிழக்குப் பக்கத்து இறுகிய பனிக்கும் ஒரு குணம் உண்டு. மென்பனி பிழையை மன்னித்துவிடும், இறுகிய பனி விளிம்பு ஏறாவிட்டால் அந்த இடத்திலேயே சொல்லிவிடும்.

எழும்ப முன் இரண்டு விசயம் சொன்னேன். ஒன்று சப்பாத்து. வாடகைக்கு எடுக்கும்போது முழங்காலை மடித்துப் பார்க்கவேண்டும், குதிக்கால் உள்ளே எழும்பினால் அந்தச் சோடி வேண்டாம். கால் உள்ளே மிதந்தால் நீ விரலை அழுத்துவது பலகைக்குப் போய்ச்சேராது, எட்டு மணித்தியாலத்தில் ஒன்று சப்பாத்தோடு மல்லுக்கட்டியே போய்விடும். மற்றது மணிக்கட்டு. ஸ்னோபோர்ட் பழகுகிறவர்களுக்கு அதிகம் வரும் காயம் அதுதான். மணிக்கட்டுக் காப்பு போடவேண்டும், தலைக்கவசத்தைச் சொல்லவே தேவையில்லை. முன்னால் விழுந்தால் விரலை விரிக்காமல் கையைப் பொத்தி, முன்னங்கையில் விழு. பின்னால் விழுந்தால் நாடியை நெஞ்சோடு சேர்த்து, இருந்து உருண்டுவிடு, கையைப் பின்னால் ஊன்றாதே. இதை அந்த இடத்திலேயே, வரவேற்பறைக் கம்பளத்தில் பத்துத் தரம் செய்யவைத்தேன். அவள் சிரித்துக்கொண்டே விழுந்தாள். நான் சிரிக்கவில்லை. இப்போதும் மழை நாளில் என் இடது மணிக்கட்டு வலிக்கும்.

களைத்த காலோடு இன்னும் ஒரே ஒரு தடவை என்று மேலே போகவேண்டாம் என்றும் சொன்னேன். அன்றைய வேலை இரண்டு மணிக்கு முடிந்தால் இரண்டு மணிக்கு வீடு.

புறப்படும்போது குறிப்பைக் காட்டினாள். பழைய மூன்று வரியையும் அழிக்கவில்லை, அடியில் தள்ளி ‘பிறகு’ என்று தலைப்பிட்டிருந்தாள். மேலே எட்டுச் சனிக்கிழமைகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வரி. அதில் கறுப்பு என்ற சொல் இல்லை.

எட்டு நாள் ஏழானது. ஜனவரி மழை நாங்கள் நினைத்ததைவிட ஒரு சனிக்கிழமையைக் கூட எடுத்துக்கொண்டது. நாலாம் நாள் அழுகிற குரலில் அழைத்தாள், முந்தின சனி வந்த வளைவு அன்றைக்கு வரவில்லையாம். எல்லோருக்கும் அப்படி ஒரு நாள் வரும். இலைக்குத் திரும்பிப் போ, விரல் பக்கம் மட்டும் இறங்கு, பிறகு வீட்டுக்கு வா என்றேன். போனாள்.

பெப்ரவரிக் கடைசிச் சனி, காலை ஒன்பதரைக்கு ஒரு படம் வந்தது. அவள் அதில் இல்லை. லிப்ட் நாற்காலியிலிருந்து கீழ்நோக்கி எடுத்தது, சப்பாத்து நுனி ஒரு மூலையில் தெரிகிறது. வாரிவிட்ட வெறும் பனியில் ஒரேயொரு தடம் வளைந்து வளைந்து இறங்குகிறது. விரல் பக்கத்து வளைவுகள் நூல்போல ஒடுங்கியிருந்தன. அடியில் எழுதியிருந்தாள்:

“ஹீல் பக்கம்தான் இப்ப அகலமா இருக்குது சித்தப்பா. ஏன்?”

கேத்திலை வைத்துவிட்டு அவளுக்கு அழைப்பு எடுத்தேன்.